கெமிஸ்ட்ரி டீச்சர் கக்கூஸ் கழுவிய கதை

எம்.எஸ்சி. வேதியியலில் முதல் வகுப்பில் தேறிய ஒருத்தி, ஒரு கழிப்பறையைக் கழுவப் போய் ஒரு பள்ளிக்கூடத்தையே மைதானத்துக்கு ஓடவைத்தாள் என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அந்த ஒருத்தி நான்தான். பதினோரு வருடமாக ஊரே சிரித்துவிட்டது, நீங்கள் மட்டும்தான் பாக்கி.

எனக்கு மட்டும் இன்னும் சிரிப்பு வருவதில்லை. இதைச் சொல்ல ஆரம்பித்தாலே காது சூடாகிவிடும். கோபத்தில் பாதி மற்றவர்கள் மேல். பாதி என் மேல். (என் பங்குதான் கொஞ்சம் பெரிய பாதி.)

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி போகும் வழியில், தனியார் நிர்வாகம் நடத்தும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பள்ளியைச் சுற்றிலும் தென்னந்தோப்பு. அதுவும் பள்ளிக்கூடத்துச் சொத்துதான். நான் பாடம் நடத்தும்போது வெளியே மட்டை விழும். தூங்குகிற பிள்ளைகள் எழுந்துகொள்வார்கள். அந்த வகையில் மரங்கள் எனக்கு உதவியாகத்தான் இருந்தன.

முந்நூறுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகள். அவர்களுக்கென்று பின்பக்கம் ஒரு கழிப்பறைக் கட்டடம். வரிசையாக ஆறு கதவுகள். அதில் நாலு கதவில் பூட்டு. ஏன் பூட்டியிருக்கிறது என்று நான் சேர்ந்த புதிதில் கேட்டதற்கு, தலைமையாசிரியர் கோதண்டபாணி சார் விளக்கம் சொன்னார்: "சுத்தம் பண்ண ஆள் இல்ல டீச்சர். திறந்துவெச்சா அசிங்கம் பண்ணிடுவாங்க. அதான் பூட்டியாச்சு." அழுக்காகக் கூடாது என்பதற்காகக் கழிப்பறையைப் பூட்டிவைத்த மனிதரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. (அதே கணக்கில் பள்ளிக்கூடத்தையே பூட்டியிருந்தால் ஒரு பிள்ளையும் ஃபெயிலாகியிருக்காது.)

திறந்திருந்த இரண்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, வெளியே ஒரு தோழி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொன்றுக்குத் தாழ்ப்பாள் இருந்தது, உள்ளே போகத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. பீங்கானின் நிறம் என்ன என்பதே மறந்துபோகும் அளவுக்கு மஞ்சளாகவும் பழுப்பாகவும் கறை படிந்திருந்தது.

ஆசிரியைகளுக்குத் தனியாக ஒன்று உண்டு, தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்தில். சாவி அவர் மேசை டிராயரில். எப்போது தேவையோ அப்போது அவர் முன்னால் போய் நின்று, "சார், சாவி" என்று கேட்க வேண்டும். எதிரில் யார் உட்கார்ந்திருந்தாலும் கேட்க வேண்டும். அவர் பேச்சை முடித்துவிட்டு, டிராயரைத் திறந்து, சாவியை எடுத்து, ஒரு தடவை நம்மையும் பார்த்துவிட்டுத் தருவார். எம்.எஸ்சி., பி.எட். படித்துவிட்டு ஒன்றுக்குப் போக அனுமதி கேட்டு நின்ற அந்த நிமிடங்களை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

அன்றைக்கு ஒரு வியாழக்கிழமை. பதினோராம் வகுப்பு ஆய்வகத்தில் அமில, கார அளவறி சோதனை நடந்துகொண்டிருந்தது. ரம்யா என்ற பிள்ளை கண்ணாடிக் குழாயைப் பிடித்தபடியே சாய்ந்தது. குழாய் உடைந்தது. தலையில் அடிபடவில்லை, அது பெரிய புண்ணியம். தூக்கி உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கண்ணைத் திறந்ததும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

"வேணாம் டீச்சர்."

"ஏம்மா? வாயெல்லாம் காஞ்சு கிடக்கு. குடி."

"வேணாம் டீச்சர். குடிச்சா போகணும்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. "எங்க போகணும்?"

அவள் பக்கத்தில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். அவர்களில் ஒருத்திதான் மெதுவாகச் சொன்னாள்: "நாங்க யாருமே குடிக்கறதில்ல டீச்சர். காலையில ஏழரை பஸ்சுக்கு முன்னாடி வீட்டுல குடிச்சுட்டு வருவோம். அப்பறம் சாயங்காலம் போயித்தான்."

ஏழரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் பத்து மணி நேரம். மாசி மாத வெயில். இந்தப் பிள்ளைகளுக்குத்தான் நான் தண்ணீரின் மூலக்கூறு அமைப்பைப் படம் போட்டு நடத்திக்கொண்டிருந்தேன்.

நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டக்கூட இல்லை. கோதண்டபாணி சார் நாளிதழில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், லேபுல ஒரு புள்ள மயங்கி விழுந்துட்டா."

"பொம்பளப் புள்ளைங்க காலையில சாப்பிடாம வருதுங்க டீச்சர். சொன்னா கேக்குதுங்களா?"

"சாப்பிடாம இல்ல சார், தண்ணி குடிக்காம. நம்ம கக்கூசுக்குப் போக பயந்துகிட்டு முந்நூறு புள்ளைங்க தண்ணி குடிக்கறதில்ல."

அவர் பேனாவை மூடிவைத்தார். அப்புறம் ரொம்ப அன்பாக, ஒரு யோசனை சொல்லும் குரலில் சொன்னார்: "ஆள் கிடைக்கலையே டீச்சர். நீங்க வேணா உங்க ஊர்ப் பக்கம் சொல்லி யாரையாச்சும் அனுப்பச் சொல்லுங்களேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருப்பாங்கள்ல?"

உங்க ஊர்ப் பக்கம்.

என் ஊர் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே. என் அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். அப்பா அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர், பிறகு குத்தகைக்கு எடுத்து எங்களைப் படிக்கவைத்தவர். எங்கள் தெரு ஊரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது என் பணிப் பதிவேட்டில் சாதிச் சான்றிதழாக இருக்கிறது. கோதண்டபாணி சார் அதைப் படித்திருக்கிறார். அதன் மேலேயே இருந்த எம்.எஸ்சி. சான்றிதழை அவர் புரட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்கு முதலில் வந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். 'எங்க ஆளுங்க அந்த வேலை பாக்கறவங்க இல்ல' என்றுதான் வாயில் வந்தது. அடுத்த நொடியே எனக்கே கூசியது. அப்படியானால் வேறு யாருடைய ஆட்களோ அதைப் பார்க்கப் பிறந்தவர்கள் என்றா அர்த்தம்? அந்தக் கூச்சமும் சேர்ந்து கோபம் தலைக்கேறிவிட்டது.

"யாரையும் அனுப்பச் சொல்ல வேணாம் சார். சனிக்கிழமை நானே கழுவுறேன்."

அவர் முகம் சுருங்கும், வெட்கப்படுவார், மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். (எனக்கு இருபத்தெட்டு வயது என்று முன்பே சொல்லிவிட்டேன்.)

"தாராளமா டீச்சர்" என்றார். குறுக்கெழுத்துக்குத் திரும்பிவிட்டார்.

ஆசிரியர் அறையில் உடற்கல்வி ஆசிரியை ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்கு அங்கே இருந்த ஒரே தோழி அவள்தான். டிபன் பாக்ஸை மூடாமலேயே என்னை முறைத்தாள்.

"உனக்கு என்ன பைத்தியமா கலா? அவரு உன்னைச் செய்யச் சொல்ல நினைச்சதையே நீயா போயி செய்றேங்கற?"

"இது போராட்டம்டி."

"போராட்டம்னு உனக்குத் தெரியும். அவருக்கு வேலை முடிஞ்சுதுன்னுதான் தெரியும்."

எவ்வளவு சரியாகச் சொன்னாள்! நான் கேட்டேனா? கோபமாக இருக்கும்போது எனக்குப் புத்தி சொல்பவர்கள் எல்லாரும் எதிர்க்கட்சி.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஸ்டெல்லா சொன்னது அப்படியே நடந்தது. கோதண்டபாணி சார் மைக்கைப் பிடித்து, "நம் பள்ளியின் வேதியியல் ஆசிரியை கலைச்செல்வி அவர்கள், சேவை மனப்பான்மையோடு, நாளைய தினம் மாணவியர் கழிப்பறையைத் தாமே முன்வந்து தூய்மை செய்கிறார்கள்" என்றார். கைதட்டல். பள்ளித் தாளாளர் நேரில் வந்து பார்வையிடப்போகிறாராம். படம் பிடிக்கக் கல்யாண ஸ்டூடியோக்காரருக்கும் சொல்லியாகிவிட்டதாம். என் போராட்டத்தை அவர் ஒரே மூச்சில் பள்ளிக்கூட விழாவாக்கிவிட்டார். கைதட்டிய பிள்ளைகளைப் பார்த்து நான் கும்பிட வேறு செய்தேன். அந்தக் கையை வெட்டினால் என்ன என்று இருந்தது.

அன்று மாலை கடைத்தெருவில் ஒரு பெரிய பை நிறைய பிளீச்சிங் பவுடர், ஐந்து லிட்டர் கேனில் இரண்டு கேன் ஆசிட், பினாயில், தேய்க்க இரண்டு பிரஷ், தென்னந்துடைப்பம் எல்லாம் வாங்கினேன். வீட்டில் உட்கார்ந்து, செய்முறைப் பதிவேடு எழுதுகிற மாதிரி, நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முன்னெச்சரிக்கை என்று தலைப்புப் போட்டு எழுதினேன். முன்னெச்சரிக்கைக்குக் கீழே எதுவும் எழுதவில்லை. மாணவர்கள் படிக்காமலே காப்பியடிக்கிற பகுதி அது. நான் மாணவியாக இருந்தபோதும் அப்படித்தான் படித்திருக்கிறேன் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் இளங்கோ பட்டுக்கோட்டையில் பம்புசெட் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவருடைய ரப்பர் பூட்ஸைக் கொடுத்தார். அவர் கால் என் காலைப் போல ஒன்றரை மடங்கு.

சனிக்கிழமை காலை. பன்னிரண்டாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு என்பதால் நூறு பிள்ளைகளாவது வந்திருந்தார்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சிலரும், 'டீச்சர் கழுவுறதைப் பாக்க' வந்திருந்தார்கள், ரம்யா உட்பட. யாரும் கட்டடத்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சேலையை நடவுக்கு இறங்குகிற மாதிரி தூக்கிச் செருகி, அதன் மேல் ஆய்வக வெள்ளைக் கோட்டு, காலில் சளக் சளக்கென்று பூட்ஸ், மூக்கில் இளங்கோவின் கைக்குட்டை. ஸ்டெல்லா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

திறந்திருந்த இரண்டு அறைகளிலும் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினேன். தூவவில்லை, கொட்டினேன். ஒவ்வொரு பிடியும் கோதண்டபாணி சார் தலையில் போடுகிற மாதிரி நினைத்துக்கொண்டு போட்டால் கொஞ்சமாகவா போடத் தோன்றும்? தரை, பீங்கான், மூலை எல்லாம் வெள்ளை வெளேர் என்று ஆனது. பிறகு குழாயைத் திருகினேன். புஸ் என்று காற்று வந்தது. தண்ணீர் இல்லை.

மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சுற்றிப்போய்ப் பார்த்தால், தண்ணீர் ஜம்மென்று தென்னை மரங்களுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. தோட்டக்காரரிடம் கேட்டதற்கு, "சனிக்கிழம தோப்புக்குத்தாங்க, எச்.எம். சாரு உத்தரவு. மாத்தினா என்னத்தான் திட்டுவாரு" என்றார்.

தண்ணீர் இல்லாமல் அரை மணி நேரம், இரண்டு கையிலும் பிரஷோடு, வெயிலில் நின்றேன். அந்த அரை மணி நேரத்தில் என் கோபம் பக்குவமாக வெந்தது.

அப்போதுதான் ஊர்வலம் வந்தது. முன்னால் தாளாளர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எழுபது வயது, அரிசி ஆலைக்காரர். பக்கத்தில் கோதண்டபாணி சார். பின்னால் கேமராவோடு ஸ்டூடியோக்காரர். மூன்று பேர் மூக்கிலும் கைக்குட்டை. இருபதடி தள்ளியே நின்றுவிட்டார்கள்.

"வணக்கம்மா. நல்ல காரியம்" என்றார் தாளாளர் கைக்குட்டைக்குள்ளிருந்து.

கோதண்டபாணி சார் எட்டி ஒரு பார்வை பார்த்தார். "கறை அப்படியே இருக்கே டீச்சர்! இவ்ளோ நேரமா என்ன பண்ணீங்க?"

அவ்வளவுதான். இந்த இடத்தில் நான் ஒரு வேதியியல் ஆசிரியை என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அந்த நிமிடம் எனக்கு அது நினைவில் இல்லை. ஆசிட் கேனைத் தூக்கினேன். மூடியைத் திருகினேன். "இதோ எடுக்கறேன் சார் கறைய" என்று சொல்லிக்கொண்டே, பிளீச்சிங் பவுடர் மலை மேல் முழுக் கேனையும் கவிழ்த்தேன்.

நுரை பொங்கியது. சர்ரென்று சத்தம். பிறகு தரையிலிருந்து இளம் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு புகை, அவசரப்படாமல், எழுந்து வந்தது.

"குளோரின்!" என்று கத்தினேன். பேருந்து நிலையத்தில் தூரத்துச் சொந்தக்காரரைப் பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவோமே, அப்படி. ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதிப்போடுகிற சமன்பாடு. நிறம், மணம், தன்மை எல்லாம் தேர்வில் கேட்டால் ஐந்து மதிப்பெண். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அடுத்த மூச்சில் நெஞ்சுக்குள் யாரோ மிளகாய்ப் பொடியை அள்ளிக் கொட்டிய மாதிரி இருந்தது. கண் தெரியவில்லை. வெளியே ஓட நினைத்தேன், நான் ஓடினேன், பூட்ஸ் ஓடவில்லை. வாசல் படியில் குப்புற விழுந்து, ஒரு பூட்ஸை உள்ளேயே விட்டுவிட்டு, தவழ்ந்து வெளியே வந்தேன்.

எனக்கு முன்னால் மூன்று பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஸ்டூடியோக்காரர், அவர் வயசுப் பையன். அடுத்து கோதண்டபாணி சார். தாளாளரைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாக ஓடிவந்தார். மூன்று பேரும் ஓடியது காற்று போகும் திசையிலேயே. புகையும் அவர்களோடு கூடவே போனது.

"எதிர்ப் பக்கம்! காத்துக்கு எதிர்ப் பக்கம் ஓடுங்க!" என்று கத்தினேன். கத்தியதாக நினைத்தேன். வாயிலிருந்து சைக்கிள் டியூபில் காற்றுப் போகிற சத்தம்தான் வந்தது. என் குரல் போய்விட்டது.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியது ஸ்டெல்லாதான். விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினாள். வகுப்பிலிருந்த பிள்ளைகளை வரிசையாக மைதானத்தின் மேற்குக் கோடிக்கு ஓட்டினாள். என்னை ஒரு கையிலும் தாளாளரை ஒரு கையிலும் இழுத்துக்கொண்டு போய் அங்கே உட்காரவைத்தாள். தீயணைப்பு நிலையத்துக்கும் ஆம்புலன்சுக்கும் அவளே போன் செய்தாள். கோதண்டபாணி சார் தானாகவே சுற்றி வந்து சேர்ந்தார். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதுகூட ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டுக்கொள்கிறேன். ஆகியிருந்தால்? என் கோபத்துக்கு அந்தப் பிள்ளைகளின் நுரையீரலா விலை?

தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி போட்ட இரண்டு பேர் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவினார்கள். (பதினைந்து நிமிடத்தில் பீங்கான் வெள்ளையாகிவிட்டது. என் கண்ணால் பார்த்தேன்.) பிறகு அவர்களின் அதிகாரி எங்களிடம் வந்தார்.

"சார், பக்கத்துல நாலு ரூம் பூட்டிக் கிடக்கு. உள்ள கேஸ் தங்கியிருக்கும். திறந்து காத்தாட விடணும். சாவி குடுங்க."

"சாவி... சாவி தொலைஞ்சுபோச்சு சார்" என்றார் கோதண்டபாணி சார். "அது தேவையில்ல. தானா போயிடும்."

"தானால்லாம் போகாதுங்க. உள்ள யாராச்சும் மாட்டிக்கிட்டு இருந்தா?"

"யாரும் இல்ல சார், நான் சொல்றேன்ல!"

அந்தக் குரலில் இருந்த பதற்றம் எல்லாருக்கும் கேட்டது. அதிகாரி தன் ஆளைப் பார்த்துத் தலையசைத்தார். கோடாலியின் பின்பக்கத்தால் ஒரு போடு. முதல் பூட்டுத் தெறித்தது. கதவு தானாகவே திறந்தது. உள்ளேயிருந்து ஒரு தேங்காய் உருண்டு வந்தது.

அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் ஒரு பத்து. அப்புறம் மடை திறந்த மாதிரி. உரித்த தேங்காய், உரிக்காத தேங்காய், எல்லாம் படியிறங்கிக் குதித்துக் குதித்து வந்தன. இரண்டாவது பூட்டை உடைத்தார்கள், அதிலும் தேங்காய். மூன்றிலும் தேங்காய். நாலாவதில் மட்டும் தேங்காயோடு ஒரு மின்விசிறி. அவை ஈரம் பிடிக்காமல் இருப்பதற்காக.

தாளாளர் எழுந்து கிட்டே போனார். அவர் காலடிக்கே வந்து நின்ற ஒரு தேங்காயைப் பார்த்தார்.

"என்ன சார், இந்த வருசம் மரம் காய்க்கவே இல்லைன்னு சொன்னீங்க?"

"அது... அணில் தொந்தரவுங்க ஐயா..."

"அணிலா பூட்டுப் போட்டுச்சு?"

நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் நடந்தேன். ஸ்டெல்லா தடுத்தும் கேட்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். நல்ல பீங்கான். சுவரில் பாதி வரை டைல்ஸ். கதவில் கெட்டியான தாழ்ப்பாள். பிள்ளைகளின் கதவில் தாழ்ப்பாள் இல்லை. தேங்காய்க்கு இருந்தது. பாதுகாக்கப் பூட்டு இருந்தது, காற்று வாங்க விசிறி இருந்தது, மரத்துக்குத் தண்ணீர் இருந்தது.

என் வாழ்க்கையில் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. சொல்ல வேண்டியது எல்லாம் வரிசையாக நாக்கில் நின்றது. உங்க ஊர்ப் பக்கம் என்றதற்குப் பதில், சாவி கேட்டு நின்ற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பதில். கோதண்டபாணி சாரைப் பார்த்து விரலை நீட்டி, வாயைத் திறந்தேன்.

ஸ்ஸ்ஸ் என்று வந்தது.

மறுபடி முயற்சி செய்தேன். க்ர்ர். அந்த வயதில் நான் பேசியிருக்க வேண்டிய மிகச் சிறந்த பேச்சு, குரல் இல்லாததால் கொக்கரிப்பாக முடிந்தது. யாரோ ஒரு பிள்ளை சிரித்தும்விட்டது. அவமானத்தில் கண்ணீர் வந்தது. (குளோரினால் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.)

அப்போதுதான் பின்னாலிருந்து ரம்யா முன்னால் வந்தாள். இரண்டு நாளைக்கு முன்பு தண்ணீர் வேண்டாம் என்பதைக்கூட என் காதருகில் சொன்ன பிள்ளை. தாளாளர் முன்னால் போய் நின்று, மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"ஐயா, டீச்சருக்குப் பேச முடியல, நான் சொல்றேன். நாங்க காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்கறதில்லங்க. போறதுக்கு இடம் இல்ல. வயசுக்கு வந்த புள்ளைங்க மாசத்துல நாலு நாள் லீவு போட்டுடறோம். எனக்கு யூரின் எரியுதுன்னு ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன். இதுக்குள்ள தேங்காதான் இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதுங்க."

பெரியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை ஆறும் திறந்திருக்கும்மா" என்றார். அவர் பேத்தி வயதுதான் ரம்யாவுக்கு.

என்னை ஆம்புலன்சில் ஏற்றி பட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோய், மூக்கில் மருந்துப் புகை வைத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் குறிப்பு எழுதினார்.

"எப்படி ஆச்சு மேடம்?"

நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

"ரெண்டையும் கலந்தீங்களா? அது ஆபத்தாச்சே, யாரும் சொல்லலையா? என்ன வேலை பாக்கறீங்க?"

தாளை வாங்கி, எழுதினேன். அவர் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். திரும்பிக்கொண்டு இருமினார். அவர் குளோரின் எதுவும் சுவாசித்திருக்கவில்லை.

இளங்கோ ஓடிவந்தார். நான் பிழைத்துக்கொள்வேன் என்று டாக்டர் சொன்னதும், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் கரிசனமாகக் கேட்டார்: "ஒரு பூட்ஸ் எங்க?"

திங்கட்கிழமை ஆறு கதவுகளும் திறந்திருந்தன. கழுவ மாரியம்மாள் என்ற பெண் வந்தாள், என் வயதுதான் இருக்கும். ஆள் கிடைக்கவில்லை என்று சொன்னாரே, அது பொய். இரண்டு வருடம் அவள்தான் வந்திருக்கிறாள். "மோட்டாரு போட மாட்டேன்னுட்டாரு டீச்சர். தண்ணி இல்லாம எதை வெச்சுக் கழுவுறது? அதான் நின்னுட்டேன்" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பவுடரு மேல ஆசிட்ட ஊத்தினது நீங்கதானா? அய்யய்யோ! அது மூச்ச அடைக்கும்னு எனக்கே தெரியுமே!"

அந்த 'எனக்கே' என்பதை நான் இன்னும் விழுங்க முடியவில்லை. அவளைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். எனக்கு யாரையும் கேட்கத் தோன்றவில்லை. அவள் முறை இதுதான்: முதலில் தண்ணீரை ஊற்றித் தேய்த்து, சோப்புத்தூள் போட்டுக் கழுவி, நன்றாக அலசிவிட்டு, கடைசியில்தான் பிளீச்சிங் தண்ணீர். அதையும் ஊறவிட்டுக் கழுவி, கதவைத் திறந்து காயவிட வேண்டும். ஆசிட்டை அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. அவள் செய்தபோது நான் கூடவே நின்று தேய்த்தேன். கையுறையும் பூட்ஸும் அவளுக்கு வாங்கித் தர வேண்டும் என்று எழுதிக்கொடுத்ததற்கு, "அவளுக்கு எதுக்கு டீச்சர் அதெல்லாம்?" என்று கேட்டார் கோதண்டபாணி சார். அப்போது எனக்குக் குரல் திரும்பியிருந்தது. வாங்கிக்கொடுத்தார்.

எனக்கு மெமோவும் வந்தது. ஆய்வக அறிவைக் கவனக்குறைவாகக் கையாண்டு பள்ளியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். தேங்காய் பற்றி யாருக்கும் மெமோ போகவில்லை. தாளாளர் தனியாகக் கூப்பிட்டுத் திட்டியதோடு சரி. இரண்டு வருடம் கழித்து கோதண்டபாணி சார் ஓய்வு பெற்றபோது, பிரிவு உபசார விழாவில் மாலையும் கழுத்துமாக நின்று, மாணவியருக்காகத் தான் ஆறு கழிப்பறைகளைத் திறந்துவைத்ததைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நானும் தட்டிவிட்டேன். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

ரம்யா செவிலியர் படிப்பு முடித்துத் தஞ்சாவூரில் வேலை பார்க்கிறாள். தீபாவளிக்குப் போன் செய்வாள். "நல்லா தண்ணி குடிக்கறீங்களா டீச்சர்?" என்று என்னையே மிரட்டுவாள்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு நிரந்தரமான பலன் உண்டு. எனக்குக் கோபம் வரும்போது குரல் கொஞ்சம் கீழே இறங்குமாம். எனக்குத் தெரியாது, என் மகள் கண்டுபிடித்தது. எட்டாவது படிக்கிறாள். அந்தக் குரல் கேட்டதுமே, "அப்பா, டீச்சரம்மா ஆரம்பிக்கிறாங்க!" என்று கத்துவாள். இளங்கோ செய்துகொண்டிருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, கூடத்து ஜன்னல், சமையலறை ஜன்னல், பின்கதவு என்று ஒன்றுவிடாமல் திறந்துவிட்டு வந்து உட்காருவார். விருந்தாளிகள் இருந்தாலும் இதேதான். போன மாதம் சம்பந்தமே இல்லாத கேஸ் சிலிண்டர்காரர் வாசலில் நின்று, "என்னங்கம்மா, கேஸ் லீக்கா?" என்று பயந்து கேட்டார்.

"ஆமாண்ணே" என்றாள் என் மகள். "அம்மாதான்."